முதல் ஒரு மீற்றர்

ஒட்டுசுட்டானுக்கு மேற்கே, றோட்டிலிருந்து மூன்று கட்டை,
முதிரைகள் விலகி இடம்விட்ட ஒரு துண்டுக் காணியில்
துளைபொறியை இறக்கினோம்.
பற்குணம் முக்காலியை நிமிர்த்தினான்.
என் வேலை எழுதுவது:
எத்தனை மீற்றரில் என்ன, எந்த நிறம், எவ்வளவு இறுக்கம்.

வன்னியில் ஏது மலை என்று
கந்தோரில் சிரித்தார்கள்.
இருந்தது.
ஐம்பத்தைந்து கோடி ஆண்டுக்கு முன்
முகிலை மறித்துக்கொண்டு நின்றது.
மழை அதை மணல்மணலாகக் கடலுக்குக் காவிப்போனது.
எஞ்சியது பாதம்.
அதன்மேல்தான் குளம் கட்டி, வரம்பு போட்டு,
தட்டை நிலம் என்று பேரும் வைத்தோம்.

பதினொரு மீற்றரில் வந்த கல்லைப்
பற்குணம் கழுவித் தந்தான்.
கறுப்பும் வெள்ளையும் வரிவரியாய்,
அரிசிக்குள் உழுந்து சிந்தினமாதிரி.
இடையிடையே சிவப்புப் பொட்டு, மாதுளை முத்தளவு:
கார்னெட்.
பதினைந்து மைல் ஆழத்து நெரிசலில் விளைந்தது.
ஒரு மலையின் பாரம் முழுக்க
இதன் உச்சந்தலையில் இருந்திருக்கிறது.
கையில் வைத்திருந்தேன்.
குளிர்ந்தது, வேறொன்றுமில்லை.

"நிலக்கரி கிடக்குமோ பிள்ளை?"
லொறிக்கார நவரத்தினம் கேட்டார்.
இல்லை என்றேன்.
நிலக்கரி என்பது செத்த காடு.
இந்தக் கல் வெந்தபோது
உலகத்தில் ஒரு மரமும் இல்லை, புல்லும் இல்லை.
"அப்ப என்னதான் இருக்கு?"
"சல்லி."
அது அவருக்குப் போதும்.

முழுக்க உண்மை சொல்லவில்லை நான்.
காலையில் கரி கிடைத்தது.

இங்கே முதல் ஒரு மீற்றரைப் பொறிக்குக் கொடுப்பதில்லை.
குந்தியிருந்து, சிறு அகப்பையால்,
இரும்பு தட்டுப்படுகிறதா என்று கேட்டுக்கேட்டுத் தோண்டுவோம்.
எழுபது சென்றிமீற்றரில் மண் கறுத்தது.
இரண்டு விரல் தடிப்பில் ஒரு நாடா.
தேய்த்துப் பார்த்தேன்:
உமியின் கோடுகூட அழியவில்லை.
நெல்.
காற்றுப் படாமல் எரிந்தால்
சாம்பலாகாது, கரியாகும்.
மேலே ஏதோ விழுந்து மூடியிருக்கிறது.

தேத்தண்ணிப் போத்தலோடு வந்த காணிக்காரி கனகாம்பிகை
குழிக்குள் எட்டிப் பார்த்தா.
"பன்ரண்டு மூடை. மொட்டைக்கறுப்பன்."
ஒரு வாய் தேத்தண்ணி குடித்தா.
"இதை எழுதுவியளோ? எழுதினால் விலை குறையுமோ?"

குறையாது அம்மா.
எங்கள் படிவத்தில் முதல் மீற்றருக்கு ஒரே பேர்தான்:
அகற்றவேண்டிய மேல்மண்.

"அப்ப சரி" என்றா.
"நாப்பது அடி வெட்டின கிணறு கல்லில முட்டி நிக்குது.
ரெண்டு கோடையா சொட்டுத் தண்ணி இல்லை.
கல்லை வித்துக் குழாய்க்கிணறு அடிப்பம்.
ஒரு கியூப்புக்கு என்ன தருவினம்?"

பென்சிலைச் சீவினேன்.
அதுவும் கரிதான், பென்சிற்கரி,
தெற்கே ஒரு சுரங்கத்து இருட்டில் மினுங்கிக் கிடந்தது.
வயது என்ற கட்டத்தில்
கல்லுக்கு ஐம்பத்தைந்து கோடி என்று
யோசிக்காமல் எழுதுகிற கை
இரண்டு விரல் தடிப்புக்கு நின்றுவிட்டது.

அவவிடமே கேட்டேன்.
விரல் மடக்கினா.
"கடைக்குட்டிக்கு இப்ப பதினெட்டு.
அப்ப வயித்தில, ஏழு மாசம்.
மாசி."

0.70 – 0.72. கரிந்த நெல்.
பதினெட்டு ஆண்டும் சில மாதமும்.

பற்குணம் இயந்திரத்தை முடுக்க, முதிரையிலிருந்து கிளிகள் கலைந்தன.
பின்னேரம் மூன்று பெட்டிக் கல் லொறியில் ஏறியது.
நெல்லுக்குப் பெட்டி பொருந்தவில்லை, தொட்டதும் உதிர்கிறது.
பற்குணத்தின் நெருப்புப்பெட்டியை வாங்கி,
இருந்த நாலு குச்சியை அவனிடமே கொடுத்துவிட்டு,
அதில் போட்டு
இலக்கம் ஒட்டினேன்.